கரிசல் மண்ணுக்கு வேண்டும் சிரமதானம்

மழை அருகிய விருதுநகர்ச் சீமையிலே, ஆமத்தூரைச் சூழ்ந்த கரிசற்காட்டில் வீடு கட்டுவதென்பது, மாரியில் உப்பிக் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும் மண்ணோடு நடத்தும் போராட்டமே ஆகும். ஆழத் தோண்டி அஸ்திவாரம் இடாவிடில் சுவர் விரைவில் விரிசல் காணும். குடிசையில்லாத் தமிழகத்தை நாடி 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டம், 360 சதுர அடி வீட்டுக்கு ரூ.3.5 லட்சம் வழங்குகிறது. ஆயினும், பட்டாசுத் தொழிலின் கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஆள்கூலி பெருஞ்சுமையே. காந்தி நூற்றாண்டான 1969-இல் பிறந்த நாட்டு நலப்பணித் திட்டத்தின் மாணவர்கள், வாணம் தோண்டவும், செங்கல் சுமக்கவும், கான்கிரீட் தளத்தின்மேல் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தவும் முன்வருவராயின், அதனினும் சிறந்த தேச சேவை வேறில்லை. கல்லூரி முதல்வர்களே, அடுத்த முகாமை இவ்வீடுகளின் வாசலில் நடத்துங்கள்.