ஊரும் தொழிலும்: கனன்று வரும் நிலக்கரியை கன்வேயர் பெல்ட் தாங்குமா?

திருச்செந்தூருக்குத் தெற்கே, ஆலந்தலை கடற்கரையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கல்லாமொழி பக்கம் கடலுக்குள் ஒரு பாலம் நீண்டுகொண்டே போகும். 1,320 மெகாவாட் உடன்குடி அனல்மின் நிலையத்துக்கான நிலக்கரி இறங்குதளம் அது. நீளம் சுமார் 8 கிலோமீட்டர். மீன்பிடித் தொழில் பாதிக்கும் என்று இந்தப் பகுதி மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்ததும் இதற்குத்தான்.

கப்பலில் வரும் நிலக்கரியை கரை சேர்ப்பது கன்வேயர் பெல்ட். உள்ளே நைலான் துணி அல்லது எஃகுக் கம்பி, மேலே ரப்பர். தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கும் துறைமுகத்திலிருந்து பெல்ட்டில்தான் கரி வருகிறது.

சரி, கரியில் சூடு எங்கிருந்து வருகிறது? குவித்துவைத்த நிலக்கரி காற்றிலுள்ள ஆக்சிஜனை மெல்ல உறிஞ்சும். சூடு வெளியேற வழியில்லாவிட்டால் குவியலின் உள்ளே தானாகவே கனலும். அந்தக் கட்டி பெல்ட்டில் விழுந்து, பெல்ட்டும் நின்றுவிட்டால், ஒரே இடத்தைச் சுடத் தொடங்கும். ஓடும் பெல்ட்டைவிட நின்ற பெல்ட்டில் ஆபத்து அதிகம்.

இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள். வெப்பம் தாங்கும் பெல்ட் வேறு, தீ தாங்கும் பெல்ட் வேறு!

வெப்பம் தாங்கும் பெல்ட், சிமென்ட் ஆலையின் சூடான கிளிங்கர் போன்ற பொருள்களுக்கானது. ஐஎஸ்ஓ 4195 தரநிர்ணயத்தில் இதற்கு 100, 125, 150 டிகிரி செல்சியஸ் என வகைகள் உண்டு. அளவு மீறினால் ரப்பர் இறுகி, வெடித்து, துணியை விட்டு உரிந்துவரும். சூட்டைத் தாங்கும் என்பதற்காக அது தீப்பிடிக்காது என்று அர்த்தமில்லை.

நிலக்கரிக்குத் தேவை தீ தாங்கும் பெல்ட். நெருப்பை விலக்கியதும் தானே அணைந்துவிட வேண்டும் என்பதுதான் அதற்கான சோதனை. இந்தியத் தரநிர்ணயமான ஐஎஸ் 1891-ல் வெப்பத்துக்கு 2-ம் பகுதி, தீக்கு 5-ம் பகுதி. நம்ம மதுரை பக்கம் நகரியிலேயே ஃபென்னர் நிறுவனம் கன்வேயர் பெல்ட் தயாரிக்கிறது.

ஆனால், பெரிய தீயின் முன்னால் எந்த பெல்ட்டும் நிற்காது. 2012 மே மாதம் மேட்டூர் அனல்மின் நிலையத்தில் நிலக்கரி கன்வேயரில் பிடித்த தீ, மின் உற்பத்தியையே நிறுத்திவிட்டது.

அதனால் பெல்ட்டை மட்டும் நம்ப முடியாது. சுற்றாமல் சிக்கிய உருளை, உரசி உரசியே சூடேறும். அடியில் சேரும் கரித்தூள் அந்தச் சூட்டில் பற்றிக்கொள்ளும். உருளையை மாற்றுவது, தூளைக் கூட்டுவது, கனலும் கரியை ஏற்றும் முன்பே தண்ணீர் தெளிப்பது... எல்லாமே மனிதர்கள் செய்யும் வேலை. இரவில் கடல்மேல் தன்னந்தனியாக பெல்ட்டோரம் நடந்து பார்ப்பவருக்கு, கைக்கெட்டும் 'புல் கார்டு' கயிறுதான் துணை. இழுத்தால் பெல்ட் நின்றுவிடும்.

உங்கள் வீட்டில் யாராவது இந்த வேலைக்குப் போகிறார்களா? இன்று வந்ததும் கேளுங்கள்: "அந்தக் கயிறு வேலை செய்யுதான்னு கடைசியா எப்போ இழுத்துப் பார்த்தாங்க?"