எங்கள் சுவரில் யார் படம்?

வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால், ஒதியம்பட்டுக்காரர்களான நாங்கள் நேராகப் புதுச்சேரி ஒயிட் டவுனுக்குத்தான் அழைத்துப்போகிறோம். மஞ்சள் சுவர் முன்னால் நிற்கவைத்துப் படம் எடுக்கிறோம். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவில் இருக்கும் பெரிய மார்க்கெட் எங்கள் கண்ணில் படுவதே இல்லை. எங்கள் பக்கத்துக் கீரையும் கத்தரிக்காயும் காசான இடம் அது. பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் தொடங்கி ஊர் நடப்பையும் வியாபாரத்தையும் நாட்குறிப்பாக எழுதிவைத்துவிட்டுப் போனார். மார்க்கெட்டில் விற்ற கூடைக்காரப் பெண்களைப் பற்றி நாங்கள் ஒரு வரி எழுதவில்லை, ஒரு கோடு வரையவில்லை.

சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில், பெலிலியோஸ் சந்துச் சுவரில் 2018-இல் வரைந்த ஓவியத்தில் பூக்கட்டுகிறவர் இருக்கிறார், கிளி ஜோசியர் இருக்கிறார், கச்சாங் பூத்தே என்ற கடலை வகை விற்கிறவர் இருக்கிறார். கடல் தாண்டிப் பிழைக்கப்போன நம் சனத்துக்கு அங்கே சுவர் கிடைத்தது. இங்கே எங்கள் சுவர்களைத் தேர்தலுக்குத் தேர்தல் கட்சிக்காரர்களுக்குக் கொடுத்தோம். மற்ற நாளில் பிறந்தநாள் வாழ்த்துக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் கொடுத்தோம். யாரும் எங்களிடமிருந்து பிடுங்கிக்கொள்ளவில்லை.

வரைய என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் சித்திரை வெயிலில் எங்கள் மொட்டைமாடிக்கு வரவேண்டும். இடித்த சின்ன வெங்காயத்தோடு பூண்டு, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் சேர்த்துப் பிசைந்து காயவைப்பார்கள். சாயங்காலம் உருண்டை பிடித்து மூடிவைத்து, காலையில் உதிர்த்து மறுபடி வெயிலில் பரப்புவார்கள். விளக்கெண்ணெய் தொட்ட உள்ளங்கை மினுமினுக்கும். தெருமுனை வரை வாசனை வரும். இந்த வடகம்தான் பிரெஞ்சுக்காரர் அடுப்படி வரைக்கும் போய், அங்கே ‘வதுவான்’ என்று பேர் வாங்கியிருக்கிறது. பாரிஸ் சமையல்காரர் மதிக்கும் பொருளை உருட்டிய கைகளை நாங்கள் மதிக்கவில்லை. பக்குவம் தெரிந்த ஆயாக்கள் ஒவ்வொருவராகப் போய்ச்சேர்ந்தார்கள். அளவு கேட்டு எழுதிக்கொள்ளக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை. இப்போது பாக்கெட்டில் வாங்குகிறோம்.

பெரிய மார்க்கெட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள் என்றதும் வியாபாரிகள் எதிர்த்து நின்றார்கள். அது டவுன்காரர் தகராறு என்று நாங்கள் ஒதுங்கினோம். கட்டடம் எப்படி ஆனாலும், அங்கே உட்கார்ந்து விற்றவர்களின் முகம் எங்காவது தங்கவேண்டும் என்று ஒரு மனுகூடக் கொடுக்கவில்லை. மதகடிப்பட்டில் செவ்வாய்தோறும் கூடும் சந்தையையும் அப்படித்தான் விட்டுவைத்திருக்கிறோம். மாடு பிடிக்கப் போவோம், வருவோம், அவ்வளவுதான்.

ஆள் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. புவிசார் குறியீடு பெற்ற சுடுமண் சிற்பக்காரர்கள் பக்கத்து வில்லியனூரில் இருக்கிறார்கள். ஓவியமும் சிற்பமும் சொல்லித்தரும் பாரதியார் பல்கலைக்கூடம் அரியாங்குப்பத்தில் இருக்கிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளைக் கூப்பிட்டு, பஸ் ஸ்டாப் சுவரைக் காட்டி, ‘இதில் எங்கள் கூடைக்கார அம்மாக்களை வரையுங்கள், சுண்ணாம்பு அடித்துத் தருகிறோம், சாப்பாடு எங்கள் வீட்டில்’ என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.