திறந்து பார்க்க இடங்கொடுத்த பெட்டி

தலைநகரில் பயிலும் நம் தமிழ் மாணவர்களிடையே பழைய பிலிம் காமிரா வாங்கும் ஆசை பெருகி வருகிறது. சாந்தினி சவுக் கடைகளுக்குப் போய்வந்தோர் எல்லோரும் ஒரே பல்லவியைத்தான் பாடுகிறார்கள்: “அந்தக் காலத்துக் காமிரா இரும்பு, இந்தக் காலத்தது வெறும் பிளாஸ்டிக்!” இந்தக் கூற்றை என்னால் அப்படியே ஒப்ப முடியவில்லை.

நம் கண்ணில் படுபவை தப்பிப் பிழைத்தவை மட்டுமே. உடைந்தவை என்றோ பழைய இரும்புக்காரன் தராசில் ஏறிவிட்டன. எஞ்சியதைக் கொண்டு அனைத்தையும் எடைபோடுவது விஞ்ஞானம் ஆகாது.

1976ஆம் ஆண்டில் வெளிவந்த இரண்டு ஜப்பானியக் காமிராக்களை ஒப்பிடுவோம். பென்டாக்ஸ் கே1000இல் பாட்டரி ஒளிமானிக்கு மட்டுமே. அது தீர்ந்தாலும் வில்லும் பற்சக்கரமும் ஷட்டரை இயக்கும். 1997 வரை இக்காமிரா உற்பத்தியில் இருந்தது. கானன் ஏஇ-1இலோ ஷட்டரை ஆள்வது மின்னணுச் சுற்று. 6 வோல்ட் பாட்டரி இல்லையேல் அது அசையாது. அதன் மேல்மூடி உலோகப் பூச்சிட்ட பிளாஸ்டிக்! ஆயினும் இன்றும் எத்தனையோ ஏஇ-1கள் படம் எடுக்கின்றன. அப்படியானால் நீண்ட ஆயுளின் இரகசியம் யாது?

பழுது பார்க்க முடிவதுதான். முதுமையில் ஏஇ-1 கீச்சிடும். உலர்ந்த பற்சக்கரத்துக்கு ஒரு துளி எண்ணெய் விட்டால் அடங்கும். ஒளி புகாமல் தடுக்கும் நுரைப்பட்டை இரண்டிலுமே மட்கிப் பிசுபிசுக்கும். சுரண்டிவிட்டுப் புதிது ஒட்டலாம். ஆனால் மின்சுற்று செத்தால்? இன்னொரு ஏஇ-1இன் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்துவர வேண்டும். கைக்கு எட்டிய பாகம் பிழைக்கிறது, எட்டாதது மாள்கிறது.

எனவே நண்பர்களே, வாங்கும்போது கனத்தைக் கண்டு மயங்காதீர்கள். ஷட்டரை ஒரு நொடி வேகத்தில் வைத்துத் தட்டிக் கேளுங்கள். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பூசணம் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பின்கதவைத் திறந்து நுரையைத் தொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் ஊரில் இருக்கிறாரா என்று விசாரியுங்கள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவி மாதக்கணக்கில் முடங்கிக் கிடக்கிறது. கெட்டது கையளவு பலகை ஒன்று. தயாரித்தவர்களோ முழுக் கருவியையும் மாற்றச் சொல்கிறார்கள். நாளை கருவி படைக்கப் போகிறவர்கள் நம்மில் பலர். பசை போட்டு மூடாமல் திருகாணி போட்டு மூடுவோம். உதிரிப் பாகமும் வரைபடமும் கொடுப்போம். பழைய காமிராவை மெச்சுகிற நாம் அதற்குச் செய்யக்கூடிய மரியாதை அதுவே.