பூட்டப்படாத உட்கதவு

இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலில் குறை இருப்பின், அதன்மேல் இயங்கும் எந்தச் செயலிக்கும் காப்பில்லை. லினக்ஸ் கெர்னலில் 2007 முதல் மறைந்திருந்த ‘டர்ட்டி கவ்’ என்னும் குறை 2016 அக்டோபரில்தான் வெளிப்பட்டது. படிக்க மட்டுமே இசைவுள்ள கோப்பில், இரு செயல்கள் ஒன்றையொன்று முந்தும் நுண்ணிய கணத்தைப் பயன்படுத்தி எழுதிவிடலாம். எளிய பயனர் ஒருவர் கணினியின் முழு அதிகாரத்தையும் கைப்பற்றலாம். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் இக்குறையின் வேரை 2005இலேயே களைய முயன்றார். வேறொரு வகைக் கணினியில் சிக்கல் எழவே அத்திருத்தம் கைவிடப்பட்டது. உட்கருவில் கைவைப்பது அத்துணை அரிது!

2016இல் திருத்தம் விரைந்து வெளிவந்தது. ஆயினும் திருத்தம் வெளியாவதே குறையைத் தீயோர்க்கும் அறிவித்துவிடுகிறது. 2017 செப்டம்பரில், இதே குறையின் வழியே ஆண்ட்ராய்டு திறன்பேசிகளில் ‘இசட்நியூ’ என்னும் தீநிரல் புகுந்தமை கண்டறியப்பட்டது. பாதிப்புற்றோருள் பெரும்பாலோர் சீனரும் இந்தியருமே.

புதுப்பிக்கத் தவறியோரைப் பழிப்பது எளிது. புதுப்பிப்பே வந்து சேராத மலிவுவிலைக் கருவியை வாங்கியவர் என் செய்வார்? எந்நாள்வரை திருத்தங்கள் வழங்கப்படும் என்பதை, விலையோடு சேர்த்துப் பெட்டியின்மீதே அச்சிட வேண்டியவர் விற்பவரே.