பழைய காமிராவும் பழைய நெகட்டிவும்

பிலிம் காமிராக்களைத் தேடிச் சேர்க்கும் ஆர்வம் நம் மாணவரிடையே வளர்ந்துவருதல் கண்டு மகிழ்கின்றோம். 120 பிலிமிட்ட ஆக்ஃபா கிளிக் 3 காமிரா 12 படங்களே தரும். ஆதலின் நன்கு நோக்கிய பின்னரே படமெடுக்கும் பொறுமையை அது கற்பிக்கின்றது.

நிற்க. ஒரே அச்சில் ஆயிரக்கணக்காகச் செய்யப்பட்டது காமிரா. நெகட்டிவோ ஒன்றே ஒன்று. விழுப்புரம், திண்டிவனம் ஸ்டுடியோக்காரர் எடுத்த கலியாணப் படங்களின் நெகட்டிவுகள் வெப்பத்தாலும் ஈரத்தாலும் சிதைந்தால் மீளா. அண்மையிலுள்ள புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டல் பிரதி எடுத்தனர். பழங்காமிரா வாங்கச் செல்லும் நம் மாணவரும் அங்குள்ள நெகட்டிவுகளைக் கேட்டறிந்து, உரியவரின் இசைவுடன் பிரதி செய்து, ஊரும் ஆண்டும் குறித்து வைப்பாராக. பொழுதுபோக்கு தொண்டாவது அப்பொழுதே என்பது எமது துணிபு.