பாராளுமன்றத்தைப் பார்க்க யாரிடம் கேட்பது?

யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குக் கல்விச் சுற்றுலா போகும் பாடசாலை பஸ்களில் பல, தெகிவளை மிருகக்காட்சிச்சாலையோடும் காலிமுகத்திடலோடும் திரும்பிவிடுகின்றன. தியவன்னா ஓயாவின் நடுவே உள்ள பாராளுமன்றம், பஸ் யன்னலுக்கு அப்பால் தெரியும் ஒரு செப்புக் கூரை. அவ்வளவுதான்.

உண்மையில் அது பொதுமக்களும் பாடசாலைகளும் அனுமதி பெற்றுப் பார்வையிடக்கூடிய இடம். படைக்கலச் சேவிதருக்கு எழுதலாம். தமது மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ஊடாகவும் கேட்கலாம். யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு இப்போது ஆறு உறுப்பினர்கள் இருக்கிறார்கள். நியமனத்துக்கும் இடமாற்றத்துக்கும் அவர்களிடம் கடிதம் கேட்கும் நாம், இதைக் கேட்பதில்லை.

ஏன் கேட்பதில்லை என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. ஜெப்ரி பாவா வடிவமைத்த இந்தக் கட்டடம் 1982 ஏப்ரலில் திறக்கப்பட்டது. அப்போது எதிர்க்கட்சித் தலைவர் அ. அமிர்தலிங்கம். அடுத்த ஆண்டு யூலை வன்செயலும் ஓகஸ்டில் ஆறாம் திருத்தச் சட்டமும் வந்தன. சத்தியப்பிரமாணம் செய்ய மறுத்த தமிழர் விடுதலைக் கூட்டணி உறுப்பினர்கள் ஆசனங்களை இழந்தார்கள். புதிய மண்டபத்தில் வடக்கின் குரல் ஒன்றரை ஆண்டுகூட நிலைக்கவில்லை. பிறகு வந்தது போர். அரச கட்டடம் என்றால் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டு நிற்கும் இடம் என்றே ஒரு தலைமுறை வளர்ந்தது.

2022 யூலை 9 அன்று தெற்கின் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து, நீச்சல் தடாகத்தில் குளித்ததை உலகமே பார்த்தது. அதே துணிவு நமக்கு வாய்த்திருக்குமா என்ற கேள்வி அன்று வடக்கில் பலருடைய மனதிலும் எழுந்தது.

இலண்டனில் வாழும் நம் உறவினர்கள் தமது தொகுதி உறுப்பினருக்கு எழுதினால், வெஸ்ட்மின்ஸ்டரை இலவசமாகச் சுற்றிப் பார்க்கலாம். அங்கே அது வாக்காளரின் சாதாரண உரிமை.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. கைதடியில் வடக்கு மாகாண சபைக்கு ஒரு கட்டடம் இருக்கிறது. 2013 செப்டெம்பரில் தெரிவான 38 உறுப்பினர்களின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் இல்லை. நிர்வாகம் ஆளுநரின் கையில். அந்தச் சபா மண்டபத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பும் ஆசிரியர், எந்த மாகாண சபை உறுப்பினரிடம் கேட்பார்?

ஒரு சுற்றுலா காணியை மீட்டுத் தராது. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மாருக்குப் பதிலும் சொல்லாது. ஆனால் தன் பிரதிநிதி எந்த ஆசனத்தில் இருக்கிறார், தமிழில் பேசினால் மற்றவர்கள் எப்படி மொழிபெயர்ப்பில் கேட்கிறார்கள், எந்த நாட்களில் அந்த ஆசனம் வெறுமையாகக் கிடக்கிறது என்பதைக் கண்ணால் கண்ட பிள்ளை, நாளை வாக்குக் கேட்டு வருபவரிடம் வேறு கேள்விகள் கேட்கும்.

ஆறு உறுப்பினர்களும் ஆண்டுக்கு எத்தனை பாடசாலைகளை அழைத்துச் செல்வோம் என்று பகிரங்கமாகச் சொல்லட்டும். அதிபர்கள் முதலில் ஒரு கடிதம் எழுதட்டும். பதில் வராவிட்டால், அதுவும் வாக்காளர் அறிய வேண்டிய செய்திதான்.