நாய்க்குட்டி வேண்டாம், வயதான நாய் போதும்

தேர்வு முடிந்த கையோடு நாய்க்குட்டி வாங்கப்போவதாகப் பல்கலைக்கழகத் தோழி ஒருத்தி சொன்னாள். “வேலைக்குப் போனப்புறம் அதை யாரு பாத்துப்பா?” என்று கேட்டேன். “அப்போ பாத்துக்கலாம்” என்றாள்.

அந்தப் பதில்தான் இதை எழுத வைத்தது. சிறிய இன நாய்க்குட்டி 15 ஆண்டுகள்கூட வாழும். இன்று 20 வயதில் வாங்கினால், நமக்கு 35 வயதாகும்வரை அது நம் பொறுப்பு. அதற்குள் தேசிய சேவை, வெளிநாட்டுப் பரிமாற்றத் திட்டம், முதல் வேலை, திருமணம், புதுவீடு என்று என்னென்னவோ வரும். காப்பகங்களில் கிடக்கும் வயதான நாய்களில் சில, இப்படி யாரோ ஒருவர் “அப்போ பாத்துக்கலாம்” என்று வாங்கியவைதான்.

நாய் ஆசை உள்ள மாணவர்களுக்கு என் யோசனை வேறு. ஏழு, எட்டு வயதைத் தாண்டிய காப்பக நாய் ஒன்றைத் தற்காலிகமாக வளர்க்கக் கேளுங்கள். இது தத்தெடுப்பது அன்று. நிரந்தர வீடு கிடைக்கும்வரை நாய் காப்பகத்தின் பெயரில்தான் இருக்கும். இடமும் சாப்பாடும் நேரமும் நாம் தருவோம். மருத்துவச் செலவைப் பல குழுக்கள் ஏற்றுக்கொள்ளும், சில ஏற்காது. அதை முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது.

நாங்கள் தேக்கா பக்கம், பஃபலோ ரோடு வீவக புளோக்கில் இருக்கிறோம். சென்ற ஆண்டு விடுமுறையில் சுங்கை தெங்காவில் உள்ள ஒரு காப்பகத்தில் தொண்டூழியம் செய்யப் போனேன். எம்ஆர்டி, பேருந்து, பிறகு வெயிலில் நடை. சனிக்கிழமைகளில் வரும் குடும்பங்கள் குட்டிகள் இருக்கும் கூண்டின் முன்னேயே நின்றுவிடும். கடைசி வரிசைக்குக் கூட்டம் வராது. அங்கேதான் மைலோ இருந்தான். பத்து வயது, கறுப்பு, முகவாயில் மட்டும் நரை. தண்ணீர்க் குழாயைத் திறந்தால் எழுந்து வந்து என் காலில் சாய்ந்து நிற்பான். அவனையே அழைத்துவர நினைத்தேன். முடியவில்லை. அவன் உயரம் 57 செ.மீ.

வீவக வீட்டில் ஒரே ஒரு நாய்தான் வளர்க்கலாம். அதுவும் அங்கீகரிக்கப்பட்ட 62 இனங்களில் ஒன்றாக இருக்க வேண்டும். மீறினால் 4,000 வெள்ளி வரை அபராதம். ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’ எனப்படும் நம் ஊர்க் கலப்பின நாய்களுக்கு 2012ஆம் ஆண்டில் தொடங்கிய ‘அடோர்’ திட்டம் வழிவிட்டது. முதலில் 50 செ.மீ. உயரம், 15 கிலோ எடை என்று வரம்பு இருந்தது. 2020ஆம் ஆண்டில் எடை வரம்பை எடுத்துவிட்டு, உயர வரம்பை 55 செ.மீ. ஆக்கினார்கள். மைலோ இரண்டு சென்டிமீட்டர் அதிகம்.

அதனால் வீட்டுக்கு வந்தது காயா. ஷி சூ இனம், பதினொரு வயது இருக்கலாம் என்றார் மருத்துவர். குட்டி ஈனுவதற்காகவே பல ஆண்டு கூண்டில் வைத்திருந்த நாய். ஒரு கண்ணில் புரை, பாதிப் பல் இல்லை. கழுத்துவார் போட்டால் நடக்கத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்துவிடும்.

அம்மா சம்மதிக்க மூன்று வாரம் ஆனது. “ரெண்டு வருஷத்துல சாகப்போற நாய எதுக்குடி வீட்டுக்குள்ள கொண்டு வர்ற?” என்றார். பூசையறை வேறு இருக்கிறது. பைரவருக்கு வாகனமே நாய்தானே என்று மடக்கினேன். “வாகனம் வெளியிலதான் நிக்கும்” என்றார். பாட்டி மட்டும், “கெழவிக்குப் பேரு காயாவா? பழம்னுல்ல வச்சிருக்கணும்” என்று சிரித்தார். பூசையறை வாசலில் ஒரு தடுப்பு, காலையும் இரவும் தரை துடைப்பது என் வேலை என்ற ஒப்பந்தத்தில் அம்மா இறங்கிவந்தார். அடுத்த வீட்டு மலாய்க் குடும்பத்திடமும் முன்கூட்டியே பேசினோம். நடைபாதையிலும் மின்தூக்கியிலும் காயாவைத் தூக்கிக்கொண்டே போவோம் என்று அப்பா சொல்ல, அவர்களும் சரி என்றார்கள்.

சிரமம் இல்லை என்று சொல்லமாட்டேன். இரவில் இரண்டு முறை எழ வேண்டும். ரயிலிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய்களுக்கு மட்டுமே அனுமதி என்பதால், மருத்துவரிடம் போகும் ஒவ்வொரு முறையும் செல்லப்பிராணிகளை ஏற்றும் தனி வாகனம்தான். நான் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்ததில் பாதி அதற்கே போனது. ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் மனிதர் நடக்கவே இடம் இருக்காது. கண் தெரியாத நாய் என்ன செய்யும்? அதனால் விடியற்காலையில், சந்தைக்குக் காய்கறி இறக்கும் லாரிகளுக்கு நடுவே எங்கள் உலா. மூன்றாவது மாதத்தில்தான் அது பத்து அடி தொடர்ந்து நடந்தது.

பகலில் நான் வகுப்பில். பாட்டியும் காயாவும் வீட்டில். தொலைக்காட்சித் தொடரில் யாராவது கத்தினால் பாட்டி ஒலியைக் குறைத்துவிடுவார், அது தூங்குகிறதாம். அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோவில் ‘மட்வில்’ என்ற அமைப்பு 2007ஆம் ஆண்டிலிருந்து ஏழு வயதைத் தாண்டிய நாய்களையே காப்பாற்றுகிறது. அவற்றை முதியவர்களிடம் சேர்க்கத் தனித் திட்டமும் வைத்திருக்கிறது. எங்கள் வீட்டு வரவேற்பறையைப் பார்த்தபோது அது ஏன் என்று எனக்குப் புரிந்தது.

ஒன்பதாம் மாதம் காயாவின் சிறுநீரகம் செயலிழந்தது. இடைத்தேர்வு வாரம். மருத்துவர் ஊசி போடும்போது அம்மாவின் மடியில்தான் படுத்திருந்தது. என் மடியில் அன்று.

இப்போது மைலோ விவகாரத்துக்கு வருகிறேன். ஓய்வுபெற்ற மோப்ப நாய்களையும் வீவக குடும்பங்கள் தத்தெடுக்கலாம் என்று 2020ஆம் ஆண்டிலேயே அனுமதித்துவிட்டார்கள். நல்ல முடிவு. வயதாகி, பயிற்சி பெற்று, அமைதியாகிவிட்ட நாயைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை என்பதுதானே அதன் அடிப்படை? நாள் முழுக்கத் தூங்கும் பத்து வயதுக் காப்பக நாய்க்கு மட்டும் ஏன் அளவுகோல்? குரைப்பு, அக்கம்பக்கத்தார் அச்சம் என்ற அதிகாரிகளின் கவலை நியாயமானது. ஆனால், குரைப்பது பெரும்பாலும் துறுதுறுவென்ற இளம் நாய்கள்தாம். அவற்றில் பல 55 செ.மீ.க்கு உட்பட்டவை. அடோர் திட்டத்தில் ஏற்கெனவே கீழ்ப்படிதல் பயிற்சியும் உரிமையாளருக்கான நடத்தை விதிகளும் உண்டு. குறிப்பிட்ட வயதைக் கடந்த நாய்களுக்கு உயர வரம்பை நீக்கிவிட்டு, மருத்துவரும் பயிற்றுநரும் தரும் மதிப்பீட்டை வைத்து முடிவெடுக்கலாம்.

அந்த விதி மாறும்வரை, வரம்புக்குள் அடங்கும் வயதான நாய்களும் காப்பகங்களில் இருக்கின்றன. உங்கள் வீட்டில் கேட்டுப் பாருங்கள். வேண்டாம் என்றால் வற்புறுத்தாதீர்கள். நாம் தேர்வுக்குப் படிக்கும் நாள்களில் துடைப்பத்தைத் தூக்கப்போவது அவர்கள்தான். வாரம் ஒருமுறை போய் நடக்கவைத்தால்கூடப் போதும்.

நான் இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறேன். மைலோவுக்குப் பதினோரு வயதாகிவிட்டது, பின்னங்கால் சற்று இழுக்கிறது. போன வாரம் கிளம்பும்போது அம்மா ஒரு டப்பாவைக் கையில் கொடுத்தார். உப்பில்லாமல் வேகவைத்த கோழி.